திரும்பும் நேரம் எழுதாத அட்டவணை

கடிகாரம் பழுது பார்ப்பவர் அட்டவணையில் "காலை 7.40, முதல் ஏற்றம்" என்று எழுதிப் புள்ளி வைத்ததும், எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவருடைய மச்சானுக்கு மூச்சு வாங்கியது. மச்சான் பேருந்து ஓட்டுநர். பதினோரு ஆண்டுகளாக உட்கார்ந்தே வேலை செய்பவன். காலையில் தின்றது செரிக்கவில்லை என்று நினைத்துச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டான். "8.15, மூங்கில் காடு" என்று எழுதியபோது அவன் முழங்கையில் கீறல் விழுந்தது. "8.50, ஓடையைக் கடத்தல்" என்ற வரியில் இருவருடைய கால்களும் மேசைக்கு அடியில் முழங்கால்வரை நனைந்தன. அதற்குப் பிறகு யாரும் செரிமானத்தைக் குறை சொல்லவில்லை.

காட்டுக்குள் இருக்கும் அந்த அருவிக்கு வண்டிப் பாதை கிடையாது. விடியும்போது கிளம்பி, பாதி நாள் ஏறி, இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். மாமாவும் மச்சானும் ஒன்பது ஆண்டுகளாகத் திட்டம் போட்டு வந்தார்கள். ஓர் ஆண்டு மழை. ஓர் ஆண்டு மழையே இல்லை. ஓர் ஆண்டு மச்சானுக்குக் கல்யாணம். ஒன்பது அட்டவணைகளும் பென்சிலில் எழுதப்பட்டவை. பத்தாவதைத்தான் கடிகாரக்காரர் பேனாவில் எழுதினார். பத்திலும் மேலே "ஆட்கள்: 2" என்றே இருந்தது. அவருடைய மனைவிக்குச் சின்ன வயதில் இடது கால் முறிந்து, குட்டையாகக் கூடியிருந்தது. "நீங்க போய்ட்டு வாங்க, நான் போட்டோ பாத்துக்கறேன்" என்று ஒவ்வொரு முறையும் அவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். தபால் நிலையத்தில் அவளுக்குக் கடிதம் பிரிக்கும் வேலை. அருவிப் படம் போட்ட அஞ்சலட்டை வந்தால் ஒருமுறை தடவிவிட்டுத்தான் பிரிப்பு அலமாரியில் போடுவாள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவளும் மேசையில்தான் இருந்தாள், வேர்க்கடலை உரித்துக்கொண்டு. தண்ணீர்ச் சத்தம் கேட்டுக் குனிந்து பார்த்தாள்.

"என் காலு மட்டும் காஞ்சு கெடக்கு. ஏங்க, என்னையும் எழுதுங்க."

"அக்கா, இது ஏத்தம். உன் காலு தாங்குமா?"

"உன் தொப்பையே தாங்குதே."

கடிகாரக்காரர் இரண்டை அடித்து மூன்று என்று எழுதினார். உடனே அவள் புடவை முழங்கால்வரை நனைந்தது. தண்ணீர் இவ்வளவு குளிரும் என்று யாரும் சொல்லவில்லையே என்று சிரித்தாள். ஒன்பதரை என்று எழுதியதும் கால்களில் அட்டைப்பூச்சிகள் ஏறின. மச்சான் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினான். உப்பு ஜாடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது இந்தப் பயணத்தில் பெரிய வசதி.

தவறு பாறைச் சரிவில் நடந்தது. கடிகாரக்காரர் ஒரு நிமிடத்தையும் சும்மா விட்டுவைக்கத் தெரியாதவர். "11.05, சரிவின் உச்சி" என்று எழுதினார். ஆண்கள் இருவர் முகத்திலும் மேல்காற்று அடித்தது. அவள் முடி அசையவில்லை. அவள் நாற்காலியில்தான் இருந்தாள். குரல் மட்டும் வெகு ஆழத்திலிருந்து வந்தது. "கொஞ்சம் நில்லுங்க..."

மச்சான் அவர் கையைப் பிடித்தான். "மாமா, அடுத்த வரி எழுதிடாதீங்க. அக்கா கீழயே இருக்கா."

கீழேயிருந்து மறுபடியும் குரல் வந்தது. "நீங்க போங்க. நான் போட்டோ பாத்துக்கறேன்."

இரண்டு நொடி பிந்தும் கடிகாரத்தைக்கூட வாடிக்கையாளர் கையில் கொடுக்காத மனிதர் 11.05-ஐ அடித்தார். நேரம் எழுத வேண்டிய கட்டத்தில் "அவள் வரும்போது" என்று எழுதினார். முன்னறைக் கடையில் சுவரிலிருந்த நாற்பத்திரண்டு கடிகாரங்களும் நின்று காத்திருந்தன. அவள் எவ்வளவு நேரத்தில் ஏறினாள் என்று சொல்ல வழியில்லை. வந்து மூச்சு வாங்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டபோது தேநீரில் இன்னும் ஆவி பறந்தது. மீதி வரிகளையும் அவர் அப்படியே எழுதினார். கடைசி வரி: "அவள் வரும்போது, அருவி."

கூரைக்கும் மேசைக்கும் நடுவே அருவி விழுந்தது. வேர்க்கடலைத் தோல் வாசல்வரை மிதந்து போனது. அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தலையை நீட்டினாள்.

"போட்டோல சத்தமே இல்லையேங்க!" என்று கத்தினாள். இரண்டு முறை கத்த வேண்டியிருந்தது.

மச்சானுக்கு மறுநாள் அதிகாலை வண்டி. "மாமா, திரும்புற நேரத்த எழுதுங்க" என்று நச்சரித்தான். கடிகாரக்காரர் தாளின் பின்பக்கம் "3.00, மச்சான் மட்டும் திரும்புதல்" என்று எழுதினார். அவன் சாயங்காலம்வரை நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறங்கி, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, இரண்டு நாள் விடுப்பு போட்டான். மற்ற இருவருக்கும் நேரம் எழுதப் பேனாவை எடுத்தபோது அவள், "இன்னும் கொஞ்ச நேரம் இருப்போமே" என்றாள். அவர் பேனாவை மூடினார்.

இது நடந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டுச் சொந்தக்காரர் திட்டிக்கொண்டே தரையில் ஒரு வடிகால் வெட்டிக் கொடுத்தார். தண்ணீர் மீட்டர் ஓடாததைப் பார்க்க வந்தவர் குறிப்புக் கட்டத்தில் "அருவி" என்று எழுதிக்கொண்டு போனார். மேசைக்காலில் பாசி பிடித்திருக்கிறது. எப்போது திரும்புவீர்கள் என்று தபால் நிலையத்தில் கேட்டால், "இவர் இன்னும் நேரம் எழுதலையே" என்கிறாள். வீட்டுக்கு வருபவர்களுக்கு வாசலில் குடை கொடுக்கப்படுகிறது. அவள் எடுத்துக்கொள்வதில்லை.