பேட்லாக்கின் இடது கால்

மத்தியானம் ஒரு மணிக்கு மெஷின்கள் ஓய்ந்ததும் பனியன் கம்பெனிக்குள் பஞ்சுத் தூசி மட்டும் மிதந்துகொண்டிருக்கும். கூரைக் கண்ணாடி வழியே விழும் வெயிலில் அது இறங்குகிறதா ஏறுகிறதா என்றே தெரியாது. தூசி படிந்த தரையில் ஒரு கோடு மெல்ல நீண்டு வரும். கோட்டின் நுனியில் ஒரு பூனை, இடது பின்னங்காலை இழுத்துக்கொண்டு.

பனியன் விளிம்பை மடித்துத் தைக்கும் பேட்லாக் மெஷினுக்கடியில் பிறந்ததால் அதற்குப் பேரே பேட்லாக்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் பூங்குழலிக்கு ஆத்திரம் பொங்கும். பூனை மேல் இல்லை. துணி ரோலை ஒழுங்காக அடுக்காமல் அதன் இடுப்பில் சாயவிட்டவர்கள் மேல். வீட்டிலேயே முதல் ஆளாக பி.காம். முடித்தவளைச் செக்கிங் டேபிளில் நூல் பிசிறு வெட்ட நிறுத்திவிட்டு, "படிச்ச புள்ள, பார்த்துச் செய்யும்" என்று பல்லிளிப்பவர்கள் மேலும்.

கால்நடை டாக்டர் இடுக்கியால் அந்தக் காலின் விரலை அழுத்தினார். பேட்லாக் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வலி தெரியலீங்க அம்மிணி. பத்து நாள் பார்க்கலாம். கிள்ளுனாத் திரும்பிப் பார்க்கோணும், இல்லாட்டிக் கத்தோணும். ரெண்டும் இல்லீன்னா காலை எடுத்துற வேண்டியதுதான்."

"ஈஸியாச் சொல்லிட்டீங்க."

டாக்டர் சிரித்தார். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

டீ டயம்தோறும் அந்தக் காலை மடியில் வைத்து நீவினாள், கிள்ளினாள். பூனை தூங்கியது. போகப்போக அவளுடைய இடது காலே யாரோ இரவல் கொடுத்தது போலானது. டேபிளுக்கடியில் அது இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்வாள்.

எட்டாம் நாள் பாதத்தில் தோல் உரிந்திருந்தது. காலையில் வந்திறங்கிய, இழுத்தால் நீளும் ரிப் துணியில் ஒரு துண்டு வெட்டி, ஓவர்லாக் டெய்லர் விஜயகுமாரியிடம் நீட்டினாள்.

"ஏ புள்ள, பூனைக்குச் சாக்ஸா? அடுத்து என்ன, பள்ளிக்கூடத்துல சேக்கப் போறியா?" சாத்தூர்க்காரியின் வாய் சும்மா இருக்காது.

"தைக்கிறியா, நானே தைக்கட்டுமா?"

"நீ தைச்சா மிச்ச மூணு காலும் போயிரும். கொண்டா."

ரோலாக இழுத்துச் சுற்றி வரும் துணியைப் பிரித்து ஒரு நாள் சும்மா போட்டு வைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். அவசரப்பட்டால் தண்ணீர் பட்டதும் சுருங்கிவிடும். அப்படிச் சுருங்கிய பனியன்களை அவளே எத்தனையோ முறை யார் மூஞ்சியிலாவது விட்டெறிந்திருக்கிறாள். அன்றைக்கு மட்டும் அது ஞாபகத்துக்கே வரவில்லை.

மறுநாள் கழுவிவிட்ட தரையில் இழுத்துக்கொண்டே போன பேட்லாக், ஈரச் சாக்ஸோடு வாசல் வெயிலில் படுத்தது. பூங்குழலி டிபன் பாக்ஸ் மேல் தலை சாய்த்தாள். தூசி இறங்கியது, ஏறியது. காலே இல்லாத பூனை ஒன்று அந்த வெளிச்சத்தில் நீந்திப் போவது போலிருந்தது.

ஒரு அலறல்.

பேட்லாக் வளையமாகச் சுருண்டு தன் பாதத்தையே கடித்துக்கொண்டிருந்தது. காய்ந்த ரிப் கணுக்காலை இறுக்கி, விரல்கள் வீங்கிச் சிவந்திருந்தன. 'நான் கொன்னுட்டேன்' என்று ஓடினாள். பிசிறு வெட்டும் ட்ரிம்மரின் நுனியை உள்ளே விட்டு நறுக்கென்று வெட்டினாள். துணி விட்டது. பூனை அவள் கையைக் கவ்வியது.

"ஐயோ, ரத்தம்! ஊசி போடணும், எந்திரி புள்ள!"

பூங்குழலி எழுந்திருக்கவில்லை. அதே விரலை மெதுவாக, ரொம்ப மெதுவாகக் கிள்ளினாள். பேட்லாக் திரும்பி அவளை முறைத்தது.

"பாத்துச்சு விஜயா! திரும்பிப் பாத்துச்சு!"

"உன்னைக் கொல்லவான்னு பாக்குது."

போனில் டாக்டர் கேட்டார்: "பூனை கடிச்சதுக்கா இந்தச் சிரிப்பு? மொதல்ல சோப்புப் போட்டுக் கழுவுங்க, கழுவிட்டு ஊசிக்குப் போங்க. காலை அப்புறம் பார்த்துக்கலாம், இனி எடுக்க வேண்டியதில்லீங்க."

குழாயடியில் சோப்பு சுள்ளென்று எரிந்தது. எரியட்டும் என்று கையை நீட்டியபடியே நின்றாள்.