விறகுக்குப் போன ஜின்சு

பொயிகோன் ஊரில் தேர்தல் வந்துவிட்டால் போதும், கட்சிக்காரர்கள் சாக்போவின் வீட்டுக்கு வந்து நிற்பார்கள். "ஜின்சு இருக்காரா?" என்பார்கள். வாக்காளர் பட்டியலில் அந்தப் பெயர் இன்னும் உயிரோடு இருந்தது.

"விறகு பொறுக்கப் போயிருக்கான்" என்பார் அவனோடு இரட்டையாகப் பிறந்த சாக்போ.

உள்ளூர்க்காரராக இருந்தால் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிடுவார். இரட்டையரில் ஒருவர் போய்விட்டால் அங்கே யாரும் 'செத்தான்' என்று சொல்லமாட்டார்கள்; விறகுக்குப் போயிருக்கிறான் என்பார்கள். சொன்னால் அந்தச் சொல் மிஞ்சியவனையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடும் என்று பயம். ஜின்சு விறகுக்குப் போய் நாற்பத்திரண்டு வருஷம் ஆகிறது. அவன் சாவை எந்த அலுவலகத்திலும் யாரும் பதியவில்லை. எப்படிப் பதிவார்கள், வாய் வரவேண்டாமா?

இது இப்போது ரொத்ரிக்கின் காலைச் சுற்றியது. ரொத்ரிக் கொத்தொனூ நகரத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சந்து சந்தாக அலைகிறவர். ஜின்சுவும் சாக்போவும் சேர்ந்து பாடி வெளிவந்தது ஒரே ஒரு தட்டு. அதை அபோமேயில் ஒரு தையல்கடையில் பிடித்தார். அந்தக் கடைக்காரப் புண்ணியவதி அதைத் துணிமேல் வைத்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்! வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அதை மறுபடி வெளியிடத் தயார். ஆனால் பாடிய இருவரும் கையெழுத்துப் போடவேண்டும், இல்லையென்றால் இறந்தவருக்குச் சான்றிதழ் வேண்டும். இத்தனை வருஷம் கழித்துச் சான்றிதழ் வாங்க நீதிமன்றம் போகவேண்டும். அங்கே கண்ணால் பார்த்த சாட்சி கேட்பார்கள். ஜின்சுவைக் கொண்டுபோனது தாசா பக்கம் கவிழ்ந்த ஒரு லாரி. அதில் இருந்தவர்களில் இன்று மிச்சம் சாக்போ ஒருவர்தான்.

"பெரியப்பா, ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லிட்டா போதும்" என்றார் ரொத்ரிக்.

"அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்ல மாட்டேங்கறேன்."

சாக்போவின் தங்கை தோசி ரொத்ரிக்கை ஒரு பிடி பிடித்தாள். "ஏன்யா, உனக்கு வேற வேலையே இல்லையா? எங்கண்ணனை இழுத்துக்கிட்டுப் போக வந்தியா? இருக்கறது இந்த ஒண்ணுதான்."

ரொத்ரிக் பையிலிருந்து சின்னப் பாட்டுப்பெட்டியை எடுத்து, தட்டை வைத்து, ஊசியை இறக்கினார்.

முதலில் இரைச்சல், பிறகு கித்தார். ஆர்கன் வந்தது, முரசு வந்தது. அந்தத் தாளத்துக்குச் சாக்போவின் முட்டி தானாக ஆட ஆரம்பித்தது. வீட்டிலிருந்த தட்டு ஒரு பெருமழை வருஷத்திலேயே வெள்ளத்தோடு போய்விட்டது. அதற்கப்புறம் அவர் இதைக் கேட்டதே இல்லை. முதல் அடி அவருடைய குரல். இரண்டாவது அடிக்குத் தாளம் வருமுன்னே இன்னொரு குரல் உள்ளே பாய்ந்தது.

"முந்திரிக்கொட்டை!" என்று கத்திவிட்டார் சாக்போ. "பாத்தியா தோசி? நில்லுடா நில்லுடான்னு தலையால அடிச்சுக்கிட்டேன். ஒரு நாளாவது நின்னானா?"

சிரித்தார். ஒரே முகம், ஒரே குரல் என்று ஊரே குழம்பும். அவருக்குக் குழப்பமே இருந்ததில்லை. இதோ, இருபத்தெட்டு வயசில் தொண்டை கிழியப் பாடுகிறான். பாட்டு முடிந்து ஊசி நடுவில் உரசிக்கொண்டே இருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

"சான்றிதழ் இல்லேன்னா இது என்ன ஆகும்?" என்று கேட்டார் சாக்போ.

"என் அலமாரியில கிடக்கும். எனக்கப்புறம் யாராவது தூக்கிப் போடுவாங்க."

சாக்போ நாற்பத்திரண்டு வருஷமாக ஒரு சொல்லைச் சொல்லாமல் தம்பியைக் காப்பாற்றி வைத்ததாக நினைத்திருந்தார். தம்பியோ தையல்கடையில் துணிமேல் கிடந்திருக்கிறான். அதை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"நான் வர்றேன்" என்றார்.

"அண்ணே! உன்னையும் கொண்டு போயிட்டான்னா?"

"எழுபது தாண்டியாச்சு. கூப்பிட்டா போறேன், போ."

மறுவாரம் மூவரும் நீதிமன்றத்துக்குப் போனார்கள். எழுத்தர் பெண்மணி பேனாவைத் திறந்து, ஜின்சு இப்போது எங்கே என்று கேட்டாள்.

"விறகு பொறுக்க..." என்று ஆரம்பித்தார் சாக்போ. பழக்கம், என்ன செய்வது!

அவளும் அந்த மண்ணில் பிறந்தவள்தான். பேனாவைக் கீழே வைத்தாள். "ஐயா, எனக்குப் புரியுது. ஆனா அதை இதுல எழுத முடியாதே."

சாக்போ மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கச்சேரி முடிச்சுத் திரும்பி வர்றோம். மத்தியானம். நான் டிரைவர் பக்கத்துல, அவன் பின்னால முரசு மேல. லாரி கவுந்துது. தூக்கி மடியில போட்டேன். தண்ணி கேட்டான். தண்ணி கொண்டாரதுக்குள்ள..." தோசியைத் திரும்பிப் பார்த்தார். அவள் வாயை முந்தானையால் பொத்தியிருந்தாள். "செத்துட்டான். என் தம்பி செத்துட்டான்மா."

எழுத்தர் எழுதினாள். எழுதியதைச் சட்டப்படி உரக்கப் படித்துக் காட்டினாள். சாக்போ கேட்டுக்கொண்டே இருந்து, கையெழுத்துப் போட்டார்.

வெளியே வராந்தாப் படி இறங்கியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுகை பீறிட்டது. விறகுக்குப் போனவனுக்காக யார் அழுவார்கள்? அந்த வீட்டில் ஒருவரும் அழுததில்லை. தோசியும் பக்கத்தில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள். ரொத்ரிக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

வழக்குக்காக வந்திருந்த ஒரு கிழவர் பக்கத்தில் குனிந்தார். "யாருப்பா தவறிட்டாங்க?"

"என் தம்பி" என்றார் சாக்போ.

"அடடா. எப்போ?"

"இப்பத்தான்யா" என்றார் சாக்போ. "இப்பத்தான்."