கதவுக்குப் பின்னால் வியன்னா

டப்!

நடைவழிச் சுவரில் மெயின் சுவிட்ச் விழுந்த சத்தம் சமையலறை வரை கேட்டது. ஃபிரிட்ஜின் முனகல் நின்றது. ரூமியானாவின் மடிக்கணினித் திரையில் மூன்று முகங்கள் அப்படியே உறைந்துபோயின. நடுவில் இருந்த இயக்குநர் கோஸ்தோவா அம்மையார் பாதி திறந்த வாயோடு நின்றுவிட்டார்.

நல்லவேளை, கேள்வி முழுதாக வந்து சேர்ந்திருந்தது. "துறைத் தலைவரா வர்றவங்க தினமும் ஆபீஸ் வரணும்னு நிர்வாகம் நினைக்குது. நீங்க வீட்லேர்ந்துதான் பார்ப்பேன்னு எழுதியிருக்கீங்க. அதுல ஏதாவது மாத்தம் உண்டா?"

மாற்றம் இல்லை என்று சொல்லத்தான் ரூமியானா ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்திருந்தாள். அவள் வேலை பார்க்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இழப்பீட்டுத் துறையின் தலைமைப் பதவி. அவளை விட்டால் தகுதியான ஆள் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் அதற்காக வீட்டிலிருந்து வேலை பார்ப்பதை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை. பஸ்ஸில் அடுத்தவன் அக்குளுக்குள் முகம் வைத்து நிற்க வேண்டாம். காலில் செருப்பு, தலையில் கொண்டை, மேலே மட்டும் இஸ்திரி போட்ட சட்டை. செப்டம்பர் வந்துவிட்டால் இன்னும் வசதி. ப்ளோவ்திவ் நகரமே சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டுக்கொண்டிருக்கும் மாதம் அது. இரண்டு தொலைபேசி அழைப்புகளுக்கு நடுவே பால்கனிக்கு ஓடி, குழாய் மாதிரி நிமிர்ந்து நிற்கும் அந்த மின்அடுப்புக்குள் நாலு மிளகாயை இறக்கிவிட்டு வந்துவிடலாம். தோல் உரித்து, அரைத்து, குளிர்காலம் முழுக்க ரொட்டியில் தடவித் தின்னலாம்.

இன்றைக்கும் அந்தப் பேராசைதான் காலை வாரியது. நேர்முகத் தேர்வு முடிந்ததும் மறுபடி சூடேறக் காத்திருக்க வேண்டாமே என்று, காலி அடுப்பை எரியவிட்டே வந்து உட்கார்ந்திருந்தாள். அது மட்டும் எரிந்தால் மெயின் விழாது. கூடவே குளியலறை ஹீட்டரையும் யாராவது போட்டால்தான் விழும். வீட்டில் அந்த 'யாராவது' ஒரே ஒருவன்தான்.

நடைவழிக்கு ஓடினாள். ஹீட்டர் சுவிட்ச் கீழ்நோக்கி அமுங்கிக் கிடந்தது.

"குளியல் கேக்குது துரைக்கு," என்று பல்லைக் கடித்தாள். காலையில் காப்பி கொடுக்கும்போது ஒரு தடவை, ரொட்டி கொடுக்கும்போது ஒரு தடவை, ஹீட்டரைத் தொடாதே என்று சொல்லியிருந்தாள்.

ஹீட்டரை அணைத்துவிட்டு மெயின் சுவிட்சை ஏற்றக் கையைத் தூக்கினாள். அப்போது படுக்கையறைக் கதவுக்குப் பின்னாலிருந்து கணவன் பிளாமெனின் கணீர்க் குரல் வந்தது.

"இல்லீங்க, அதை நான் ஒத்துக்கவே மாட்டேன்! கிடங்கு சம்பந்தமா வியன்னா முதல்ல எழுத்துல கொடுக்கட்டும். அப்புறம் பேசலாம்!"

கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

சுவிட்சுக்குக் கீழேதான் வீட்டின் இணைய மோடம் தொங்கியது. எப்போதும் பச்சைப் பச்சையாகச் சிமிட்டிக்கொண்டிருக்கும் அதன் விளக்குகள் ஒன்றுகூட எரியவில்லை.

"நல்ல கேள்வி! ரொம்ப நல்ல கேள்வி!" என்றது கதவுக்குப் பின்னால் குரல்.

ரூமியானா கதவைப் பார்த்தாள். 'மீட்டிங். தொந்தரவு செய்யாதீர்கள்' என்று பெரிய எழுத்தில் அவனே எழுதி ஒட்டியிருந்த காகிதம். இரண்டு வருஷமாக அந்தக் காகிதத்துக்கு அவள் பயந்து நடந்திருக்கிறாள். வியன்னாவில், அவனுடைய தலைமை அலுவலகத்தில் இருக்கும் பெரிய மனிதர்களின் காதில் விழுந்துவிடப் போகிறதே என்று மிக்சியைக்கூட மதியம்வரை தொட்டதில்லை. குப்பை கொட்டுவது, கம்பளம் உதறுவது, மிளகாய் உரிப்பது எல்லாமே அவள் தலையில். 'பாவம், மனுஷனுக்கு எத்தனை பொறுப்பு' என்று வேறு நினைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பென்கா ஒருநாள், "உன் வீட்டுக்காரர் ரொம்பப் பெரிய ஆளா ரூமி? சுவர் வழியா கேக்குது, யார் யாரையோ போட்டுக் காய்ச்சறாரே!" என்று வாயைப் பிளந்தபோது, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்ததும் தன்மேலேயே காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

மெயினை ஏற்றினாள். ஆனால் மோடம் சோம்பேறி. முழுசாக விழித்துக்கொள்ள நேரம் பிடிக்கும். அதற்குள் கோஸ்தோவா அம்மையார் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடலாம். கைபேசியின் இணையத்தில்தான் திரும்பப் போயாக வேண்டும். நடுவில் அடித்துத் தொலைக்கப் போகிறது என்று அதைப் படுக்கையறையில் விட்டு வந்திருந்தாள்.

தட்டாமல் கதவைத் திறந்தாள்.

பிளாமென் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். மேலே டை கட்டிய சட்டை, கீழே அரைக்கால் சட்டை, தோளில் துண்டு. மடிக்கணினி மூடிக் கிடந்தது. அதன் முதுகில் சூரியகாந்தி விதைத் தோல் குவிந்திருந்தது. இன்னொரு விதையைப் பல்லில் கொறித்தபடியே கூரையைப் பார்த்து, "அடுத்த காலாண்டுக்கு..." என்று ஆரம்பித்தவன், அவளைக் கண்டதும் பழக்கதோஷத்தில் கையை உயர்த்தினான்.

"ரூமி! மீட்டிங்ல இருக்கேன்!"

"தெரியுது. கரன்ட் போய் வந்துச்சு பிளாமென். மோடம் செத்துக் கிடந்துச்சு. வியன்னாக்காரங்க எப்படி வந்தாங்க, ரயில் ஏறியா?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். விதைத் தோல் சரிந்து தரையில் கொட்டியது.

"அது... அடுத்த மீட்டிங்குக்கு ஒத்திகை."

"துண்டைப் போட்டுக்கிட்டா?"

"நீ நினைக்கிற மாதிரி இல்ல ரூமி. வேலை இருக்கத்தான் செய்யுது. காலையில சீக்கிரம் முடிஞ்சிடுது, அவ்ளோதான். நிஜ மீட்டிங்கும் இருக்கு, திங்கட்கிழமை திங்கட்கிழமை."

"மத்த நாளெல்லாம்?"

அவன் சட்டையில் ஒட்டியிருந்த விதைத் தோலைத் தட்டிவிட்டான். திட்டலாம் என்று வாயைத் திறந்தாள். இவனுக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு வார்த்தையும் கோஸ்தோவாவுக்குச் சொல்லவேண்டிய வார்த்தையிலிருந்து போகிறதே என்று தோன்றியது. மேசையில் இருந்த கைபேசியைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

கைபேசி இணையத்தில் திரும்ப நுழைந்தபோது, மூன்று முகங்களும் இன்னும் அங்கேதான் இருந்தன.

"வந்துட்டீங்களா?" என்றார் கோஸ்தோவா அம்மையார். "இன்னும் கொஞ்சம் பார்த்துட்டு மூடிடலாம்னு இருந்தோம். என்ன ஆச்சு?"

"மன்னிக்கணும். மிளகாய் சுடுற அடுப்பும் ஹீட்டரும் ஒண்ணா ஓடி, மெயின் விழுந்துடுச்சு."

இடது ஓரத்தில் இருந்தவர் குபீரென்று சிரித்துவிட்டார். "எங்க வீட்லயும் நேத்து இதே கதைதாங்க!"

கோஸ்தோவா சிரிக்கவில்லை. "மத்ததெல்லாம் எங்களுக்குத் திருப்தி. இந்த ஒண்ணுதான் இடிக்குது. தினமும் வருவீங்களா, மாட்டீங்களா?"

வீட்டிலிருந்து வேலை செய்தால் கவனம் சிதறாது, வேலை கூடுதலாக நடக்கும், அமைதி கிடைக்கும் என்று ஒத்திகை பார்த்த பேச்சு நாக்கு நுனிவரை வந்தது. நடைவழியில் வெறுங்கால் தேய்த்து நடக்கும் சத்தம் கேட்டது. கதவோரம் டையும் அரைக்கால் சட்டையுமாக அவளுடைய அமைதி வந்து நின்று, ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

"வரேன்," என்றாள் ரூமியானா. "திங்கட்கிழமையே வரேன். ஜன்னல் பக்கமா ஒரு மேசை கொடுத்தா போதும்."

"மேசைக்கு நான் பொறுப்பு," என்று முதல்முறையாகப் புன்னகைத்தார் கோஸ்தோவா. "வாழ்த்துகள்."

மடிக்கணினியை மூடினாள். பால்கனியில் காலி அடுப்பு தகதகவென்று சூடேறி நின்றது. பக்கத்தில் பிரிக்கப்படாத மிளகாய் மூட்டைகள் சுவரில் சாய்ந்திருந்தன.

"நிஜமாவே போகப் போறியா?" என்றான் பிளாமென்.

"ஆமா. அந்த மூட்டையெல்லாம் உன்னோடது. சுட்டு, தோல் உரிச்சு வை. மிக்சியை எப்ப வேணா போடு, யாருக்கும் தொந்தரவு இல்ல."

அவன் மூட்டைகளைப் பார்த்தான். படுக்கையறைக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைத் திரும்பிப் பார்த்தான். மூட்டைகளைவிட அதுதான் அவனை அதிகம் வாட்டியது போலிருந்தது. டையின் முடிச்சைத் தளர்த்திக்கொண்டே, பொய்யே கலக்காத குரலில் கேட்டான்:

"நீ ஆபீஸ் போயிட்டா, நான் யாருக்காக மீட்டிங் நடத்துறது?"