அண்ணியின் குரூப் பாலிசி

கணவன் போனபின் அண்ணன் வீட்டோடு இருந்த தங்கைக்கு இதய வால்வில் கோளாறு. ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் தன் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு வரும் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டைக் கூப்பிட்டார்.

"தனி பாலிசின்னா பிரீமியம் மூணு மடங்கு சார். அதுலயும் ஏற்கெனவே இருக்கற நோய்க்கு மூணு வருஷம் கழிச்சுத்தான் தருவாங்க. உங்க கம்பெனி குரூப் பாலிசியில ஒரு ஆளா சேர்த்துட்டா முதல் நாள்லேருந்தே செல்லும். ஆனா அவங்க நிஜமாவே வேலை பார்க்கணும்."

"பார்க்கட்டுமே," என்றாள் அண்ணி. கம்பெனியின் சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான். "வீட்டுல சீரியல் பார்க்கற நேரத்துக்கு நாலு பெட்டி ஒட்டட்டும்."

மறுநாளே தங்கை பசை மேஜை முன் நின்றாள். ஸ்டூல் கேட்டாள்.

"நாத்தனாருக்கு மட்டும் ஸ்டூல் போட்டா மத்த பொண்ணுங்க என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்கம்மா."

மூச்சு வாங்க வாங்க ஒட்டினாள். சம்பளக் கவரை அண்ணியே திரும்ப வாங்கிக்கொண்டாள். "பேருக்குத்தானே சம்பளம்?" தங்கை அடுத்த பெட்டியை எடுத்தாள். ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்திருந்தது.

அந்த வாரம் ஏஜெண்ட் மறுபடி வந்தார். "அடுத்த மாசம் பாலிசி ரினியூவல் மேடம். இவ்வளவு பெரிய கிளெய்ம் போனா மொத்தக் கம்பெனிக்கும் பிரீமியம் ஏறும்."

அண்ணி அவருக்கு இன்னொரு டீ சொன்னாள்.

ஆபரேஷனுக்குச் சேரப் போன அன்று ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரை இரண்டு முறை தட்டிப் பார்த்தாள். "உங்க பேர் பாலிசியில இல்லையே. வேலையை விட்டுட்டதா போட்டிருக்கு."

தங்கை அண்ணனுக்குப் போன் செய்தாள். எடுத்தது அண்ணி.

"டெஸ்டுக்குப் போறேன்னு மூணு நாள் வேலைக்கு வராம நின்னியே, லீவு எழுதிக் குடுத்தியா? குடுக்காம நின்னா பேரை எடுத்துடுவோம். உனக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"அண்ணன்கிட்ட குடுங்க அண்ணி."

"அவருக்குத் தெரியாம நான் ஒரு துரும்பை நகர்த்துவேனா? பக்கத்துலதான் இருக்கார்."

ஒரு செருமல் மட்டும் கேட்டது.

"இப்ப என்ன குடி முழுகிப்போச்சு? ரினியூவல் முடியட்டும், மறுபடி சேர்த்துக்கறேன். அதுவரைக்கும் வந்து ஒட்டிட்டுப் போ, பெரிய ஆர்டர் நிக்குது. சம்பளம் கிடையாது. கணக்குலயே நீ இல்லையே!"

பின்னால் நின்றவர் தோளை இடித்துக்கொண்டு கவுண்டருக்கு முன்னேறினார். தங்கை சுவரில் சாய்ந்து, பேச்சு வரும்வரை மூச்சு வாங்கி நின்றாள்.

"எத்தனை மணிக்கு வரணும் அண்ணி?"