எனக்கு வீட்டுக்காரர், அவளுக்குக் கட்சிக்காரர்

செவ்வாய்க்கிழமை வந்தால் எங்கள் வீட்டுக்காரர் முகம் மழித்துக்கொள்வார். மற்ற நாட்களில் நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்தாலும் தாடி அப்படியே கிடக்கும். செவ்வாய் மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். நீலச் சட்டையைத் தானே எடுத்து இஸ்திரி போடுவார். பட்டாளத்தில் பழகிய இஸ்திரி, கைமடிப்பு அப்படியே விறைத்து நிற்கும். செவ்வாய்தான் வக்கீலம்மாவைப் பார்க்கப் போகும் நாள்.

நான் துணி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். ஜிப் மாற்றுவது, கால்சட்டை உயரம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, விடுவது. யார் யாருக்காகத் திடீரென்று சட்டையைக் கச்சிதமாகப் பிடிக்கச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நீலச் சட்டையெல்லாம் என்னிடம் செல்லாது.

"அக்கா, அந்தம்மாவுக்கு வயசு அம்பதுக்கு மேலன்னு நீதானே சொன்ன?" என்றாள் என் தங்கச்சி போனில்.

"ஆமா. மூக்கு வேற எப்பவும் ஒழுகிட்டே இருக்கு."

"அப்புறம் என்னக்கா உனக்கு?"

"அவர் அவகிட்டப் பேசறார்டி."

தங்கச்சி சிரித்தாள். அவள் புருஷன் தூக்கத்தில்கூடப் பேசுகிறவர். அவளுக்கு இது எங்கே புரியப் போகிறது. எங்கள் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும். பட்டாளத்திலிருந்து வந்த நாளிலிருந்து அப்படித்தான். என்ன நடந்தது என்று நான் கேட்காத நாள் இல்லை. ஒரே ஒருமுறை, "வண்டி கவிழ்ந்துடுச்சு" என்றார். அந்த வண்டியில் போன இரண்டு பேர் திரும்பி வரவில்லை. இவர் வந்தார், இடது காதில் பாதியை விட்டுவிட்டு. இவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது, அதிலும் பாதி அடுத்தவர் சொல்லித் தெரிந்தது.

முன்னாள் படைவீரர்களுக்கான இலவச சட்ட உதவி மையம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். விதவைகளுக்கு என்ன கிடைக்கும், பிள்ளைகள் படிப்புக்கு எங்கே எழுதிப் போட வேண்டும் என்றெல்லாம் சுவரில் ஒட்டியிருப்பார்கள். ஒவ்வொரு செவ்வாயும் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு அது மனப்பாடம். வக்கீலம்மாவின் அறைக்குக் கண்ணாடிச் சுவர். பாதி உயரத்துக்கு வெள்ளைக் காகிதம் ஒட்டியிருக்கும், அதற்கு மேலே தெரிவது தலையும் கையும்தான். அது போதும் எனக்கு. கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இவர் கையை ஆட்டிப் பேசி நான் வீட்டில் பார்த்ததே இல்லை. அங்கே பேசினார். இரண்டு கையையும் தூக்கி ஒரு நீளமான பாதையைக் காட்டினார். ஒரு கை மெதுவாக அந்தப் பாதையில் போனது, நின்றது. இன்னொரு கை பின்னால் எதையோ காட்டியது. அவள் எழுதவில்லை, கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு இவர் முகத்தை மூடிக்கொண்டார். அவள் மேசையிலிருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியை இவர் பக்கம் நகர்த்தினாள். அவளுடைய ஒழுகும் மூக்குக்கு வைத்திருந்த பெட்டி அது. அந்தக் கண்ணைத் துடைக்க நான் எத்தனை வருஷமாகக் காத்துக்கிடக்கிறேன்.

இத்தனைக்கும் இவரை அங்கே கூட்டிப்போனது நான்தான். கூட்டிப்போக வேண்டி வந்ததும் என்னால்தான் என்று படைவீரர் நலத்துறையின் அறிக்கை சொல்கிறது.

மனக்காயத்துக்கென்று இவருக்கு ஒரு உதவித்தொகையும், மாதம் ஒருமுறை ஒரு டாக்டரும் கிடைத்துக்கொண்டிருந்தது. போன வருஷம் மறுபரிசீலனை என்று ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்தார். அழைப்பு மணி கெட்டுப்போயிருக்கிறது என்பதால் நான் முன்கூட்டியே வாசலில் நின்று அழைத்துவந்தேன். வீடு பளிச்சென்று இருந்தது. இவர் சுவரோரம் தன் நாற்காலியில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் அமைதியாகப் பதில் சொன்னார். கிளம்பும்போது அதிகாரி என்னிடம், "வீட்ல எப்படிம்மா இருக்கார்?" என்றார். "நல்லா இருக்கார் சார். வீட்ல அவருக்கு ஒரு குறையும் வர விடமாட்டேன்" என்றேன். பெண்டாட்டி என்றால் வேறு என்ன சொல்வாள்? 'வீட்டில் இயல்பாக இருக்கிறார், மனைவியும் உறுதி செய்கிறார்' என்று எழுதி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள்.

பணம் இல்லாமல் போனதைக் கடையை வைத்துச் சமாளித்தேன். டாக்டர் இல்லாமல் போனதைத்தான் சமாளிக்க முடியவில்லை. இவர் வேலை பார்க்கும் செடிப் பண்ணை சத்தமே இல்லாத இடம். அங்கிருந்தே பாதியில் எழுந்து வர ஆரம்பித்தார். ஒருநாள் வேர்வையில் நனைந்த சட்டையோடு எங்கோ பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தவரை நான் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தேன். மேல்முறையீடு ஒன்றுதான் மிச்சம். அதிலும் தோற்றால் டாக்டர் கிடையாது, கோப்பை மூடிவிடுவார்கள்.

விசாரணைக்கு முந்தின செவ்வாய் வக்கீலம்மா என்னை மட்டும் தனியாக உள்ளே கூப்பிட்டாள்.

"அவர் உங்ககிட்ட என்ன சொன்னார்?" என்று உட்காருவதற்கு முன்பே கேட்டேன்.

"அத அவர்தான் உங்களுக்குச் சொல்லணும்மா. அவர் என்னோட கட்சிக்காரர். அவர் சம்மதம் இல்லாம நான் வாயத் திறக்கக் கூடாது."

"எனக்கு அவர் வீட்டுக்காரர்."

"தெரியும்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு விசாரணைக் குழு உங்களையும் கேக்கலாம். வீட்ல அவர் எப்படி இருக்கார்?"

"நல்லாதான் இருக்கார்."

"தூக்கம்? சத்தம் கேட்டா?"

"வீட்ல அவருக்கு ஒண்ணும் ஆகாது."

"அவரும் அதேதான் சொல்றார். வீட்டுக்குள்ள வந்துட்டா எனக்கு ஒண்ணும் ஆகறதில்ல, வெளியதான் கஷ்டம்னு." அவள் பேனாவை மூடினாள். "அதுதான் நமக்கு இடிக்குது. வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. அவர் அப்படிச் சொன்னார் என்று கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மற்றதையெல்லாம் இவள் எடுத்துக்கொண்டாள், வீடாவது எனக்கென்று இருக்கட்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

விசாரணை அறை சின்னதுதான். மேசைக்குப் பின்னால் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் தலைவராக இருந்தார், பக்கத்தில் ஒரு டாக்டர், ஓரத்தில் தட்டச்சு செய்யும் பெண். இந்தப் பக்கம் இவரும் வக்கீலம்மாவும் அடுத்தடுத்து. நான் பின்வரிசை. அவள் ஏதோ குனிந்து சொல்ல, இவர் தலையாட்டினார். தன் நல்ல காதை அவள் பக்கம் வைத்து உட்கார்ந்திருந்தார். வீட்டில் எனக்கு எப்போதும் அந்தப் பாதிக் காதுதான்.

வக்கீலம்மா நன்றாகவே பேசினாள், இல்லையென்று சொல்ல மாட்டேன். டாக்டர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "வெளியில கஷ்டம்னு சொல்றீங்க. வீட்ல இயல்பா இருக்கார்னு அறிக்கை இருக்கே" என்றார்.

"வீட்டைப் பொறுத்தவரை அவருக்குப் பெரிய சிரமம் இல்லைங்கறது உண்மைதான். அதை நான் மறுக்கல" என்றாள் வக்கீலம்மா. "என் கட்சிக்காரரை எனக்கு நல்லாத் தெரியும். அவர் மிகைப்படுத்திச் சொல்ற ஆள் இல்ல."

எனக்கு நல்லாத் தெரியும் என்றாள் பாருங்கள், அதில்தான் எனக்குக் கோபம் வந்தது. எழுந்து நின்றுவிட்டேன்.

"இவங்களுக்கு என்ன தெரியும்? வீட்ல சிரமம் இல்லையாம். இல்லாம வெச்சிருக்கறது யாரு?"

தலைவர் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். வக்கீலம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, "இவங்கதான் அவரோட மனைவி. பேச அனுமதிக்கணும்" என்றாள். அனுமதி வரும்வரை யார் காத்திருந்தார்கள்.

"எங்க வீட்டு மணி கெட்டுப்போகல சார். நான்தான் கம்பியைக் கழட்டி விட்டேன். அது அடிச்சா இவர் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவுல போய் ஒடுங்கிடுவார், மதியம் வரைக்கும் வெளிய வரமாட்டார். எங்க வீட்டு நாற்காலிக் கால் ஒவ்வொண்ணுக்கும் உறை தெச்சுப் போட்டிருக்கேன். கதவு இடுக்கெல்லாம் துணிப்பட்டை. மேல் வீட்டுக் குழந்தை பந்து தட்டும், அவங்க வீடு முழுக்க விரிப்பு தெச்சுக் குடுத்திருக்கேன், சும்மா. வீட்ல இருந்த தையல் மெஷினக் கடைக்குத் தூக்கிட்டுப் போனது வியாபாரத்துக்காகவா? இவங்களக் கேளுங்க, என் வீட்டுக்காரர எப்படி எழுப்பணும்னு. தெரியாது. கைக்கெட்டாத தூரத்துல நின்னு, குச்சியால கால் கட்டைவிரலத் தொடணும். தோளத் தொட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். ஒரு தடவ என் கழுத்தப் பிடிச்சார். கண்ணு தெறந்திருக்கு, ஆனா தூக்கம். அவர் விரல ஒண்ணொண்ணா எடுத்துட்டு, போர்வையச் சுருட்டி அந்தக் கையில குடுத்தேன். அதப் பிடிச்சுட்டுத் தூங்கினார். நான் கழுத்து வரைக்கும் பொத்தான் போட்ட சட்டையோட கடைக்குப் போனேன். காலையில அவருக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல."

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் நிறுத்திவிட்டாள்.

"இதையெல்லாம் அந்த அதிகாரிகிட்ட ஏம்மா சொல்லல?" என்றார் டாக்டர்.

"இவர் பக்கத்துல இருந்தாரே சார். இவருக்குத் தெரியக் கூடாதுன்னுதானே இவ்வளவும்."

சொல்லி முடித்த பிறகுதான் இவர் இப்போதும் அங்கேதான் இருக்கிறார் என்பது உறைத்தது. அவளை ஜெயிக்கிற வேகத்தில் இவரை மறந்தே போனேன். இவர் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அல்ல, என் கழுத்தில்.

அன்றே முடிவு சொல்லிவிட்டார்கள். சிகிச்சை உடனே தொடரும், நிறுத்திய தொகையும் வரும். வக்கீலம்மா என் கையைப் பிடித்து, "நான் மூணு மாசமாத் தேடினது உங்ககிட்ட இருந்துச்சு" என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது, ஜலதோஷமா என்னவோ தெரியவில்லை. எனக்கு அவள்மேல் கோபப்படக்கூட வலுவில்லை. இவர் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"கோவமா?" என்றேன்.

"எனக்குச் சரியாயிடுச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். "ஊர்தான் சத்தம், நம்ம வீடு அமைதின்னு."

விட மனமில்லாமல், "அவகிட்டச் சொன்னீங்களே, எங்கிட்ட ஏங்க சொல்லல?" என்று கேட்டேன்.

"அவங்ககிட்ட சொல்லிட்டு அங்கயே விட்டுட்டு வந்துடலாம். உங்கிட்ட சொன்னா அது நம்மகூடவே வீட்டுக்கு வந்துடும்."

"அது எப்பவோ வந்துடுச்சு. உங்களுக்குத்தான் தெரியாது. அதுக்கும் சேர்த்துத்தான் நான் கதவ மெதுவாச் சாத்திட்டிருக்கேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்குரூ டிரைவரை எடுத்து, மணியின் மூடியைத் திறந்தார். நான் முடிந்துவைத்த கம்பியைப் பிரித்து மாட்டினார். வேண்டாங்க, வேண்டாங்க என்று நான் கெஞ்சக் கெஞ்சக் கேட்கவில்லை.

"நான் உள்ள போறேன். நீ வெளிய நின்னு அழுத்து."

"எதுக்கு?"

"எனக்குத் தெரியணும். நீ மட்டும் தெரிஞ்சு வெச்சிருந்தது போதும்."

கதவைச் சாத்திக்கொண்டார். பட்டை தைத்த கதவு, சத்தம் வரவில்லை. விரலை மணிமேல் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். பிறகு அழுத்தினேன். அதன் சத்தமே எனக்கு மறந்துபோயிருந்தது, குருவி மாதிரி கத்தும். உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது.

ஓடினேன். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலைக்கு மேல் கையை வைத்துக் குறுகிக் கிடந்தார். உடம்பு முழுக்க உதறல். வழக்கம்போலக் கைக்கெட்டாத தூரத்தில் தரையில் உட்கார்ந்தேன். "நான்தான், வீட்லதான் இருக்கோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நீலச் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது.

மெல்ல மெல்ல உதறல் குறைந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கண்ணில் ஆள் இருந்தது. "கிட்ட வா" என்றார்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதலில் என் கழுத்தைத் தொடப்போய், பாதியில் கையை எடுத்துக்கொண்டார். நானே அந்தக் கையைப் பிடித்து அங்கே வைத்தேன்.

"வண்டி கவிழ்ந்துடுச்சுன்னு உங்கிட்டச் சொன்னேன்ல" என்றார். "கவிழல."

பிறகு அவர் இரண்டு கையும் மேலே எழுந்தன. ஒரு நீளமான பாதையைக் காட்டின. ஒரு கை அந்தப் பாதையில் மெதுவாகப் போக ஆரம்பித்தது.

வக்கீலம்மாவுக்கு நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும். அடுத்த செவ்வாய் நான் மட்டும் போனால் போதும்.