ஏரிக்கரையில் ராகு காலம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கரிவாயு பஸ்ஸின் தயவால். யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் பஸ் கரியடுப்புப் புகையோடு நடைபோட்டது. அதனால் கிளியனூருக்கு முந்திய ஏரிக்கரையில் மாடு அவிழ்த்த வண்டி ஒன்றையும், புதுத் துணி உடுத்திய ஓர் ஆணும் பெண்ணும் உட்கார்ந்திருந்ததையும் சாவகாசமாகப் பார்க்க முடிந்தது. அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்டது அவ்வளவே. மற்றதெல்லாம் கற்பனை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

நிற்க.

2

முதல் ஆரம்பம்: "ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய ஏரி, மாசி வெயிலில் நீலப்பட்டு விரித்தாற்போல…"

அடித்துவிட்டேன். தண்ணீர் பழுப்பாகத்தான் இருந்தது.

இரண்டாவது: "நாமக்கோழி, கரண்டிமூக்கன், கூழைக்கடா, முக்குளிப்பான், கரையில் ஆவாரம், தும்பை…"

இது லக்கேஜ் ரசீது மாதிரி இருக்கிறது. பறவையும் பூவும் தாமாகப் பேசுவதில்லை. ஆகவே ஆட்களிடம் வருகிறேன்.

3

அவன் பெயர் அப்பாதுரை. விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் குமாஸ்தா. பறவை என்றால் வேலையை மறந்து நிற்பவன். அவள் ஜெயம்; கல்யாணமாகி ஒரு மாதம். கிளியனூரில் அவள் அம்மா குப்பம்மாள் வீட்டுக்கு முதன்முதலாக மாப்பிள்ளை விருந்துக்குப் போகிறார்கள்.

கல்யாணப் பந்தலிலேயே குப்பம்மாள் மகள் காதில் சொன்னது அப்பாதுரைக்கும் கேட்டுவிட்டது: "விருந்துக்கு வரப்போ சொல்லு. ஆளு சரியில்லைன்னா, பங்குனி முடியட்டும்னு ஒன்னை இங்கியே நிறுத்திக்கிறேன்."

மூன்று நாள் விருந்து முடிந்ததும் ஜெயம் தன்னோடு திரும்புவாளா என்பதுதான் அவன் கவலை. (கதையின் கவலையும் அதுவே.) ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்று கடியாரத்தைக் கையிலேயே வைத்திருந்தான். புதன்கிழமை, பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை ராகு காலம். ஏரியருகே வரும்போது பன்னிரண்டு அடித்துவிட்டது.

"ராகு காலத்துல உள்ள நொழையக் கூடாது. இங்கியே இருந்துட்டுப் போலாம்" என்று வண்டியை நிறுத்தினான்.

(பறவை பார்க்க இது சாக்கா? அப்படித்தான் எழுத நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்தால் மனம் வரவில்லை.)

4

"இந்த நீலப்பூவைப் பாத்தீங்களா? விஷ்ணுகிராந்தி. மூக்குத்திக் கல்லாட்டம் இருக்குது" என்றாள் ஜெயம்.

"உம்" என்றான், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உம்முன்னா?"

"அங்க பாரு, முக்குளிப்பான் முழுகிச்சு. எங்க எழும்பும், சொல்லு."

அவள் கோரைப்புல் பக்கம் கையைக் காட்டினாள். அவன் நடு ஏரி என்றான். அது கோரையில் எழும்பிற்று.

"தோத்தவங்க ஒரு பூவு பேரு சொல்லணும்" என்றாள்.

"தும்பை."

"அது கவிழ்தும்பை. ரயில்ல இதெல்லாம் ஏத்த மாட்டீங்களா?"

ஆட்டம் நீண்டது. அவன் தோற்றுக்கொண்டே இருந்தான். தோற்கத் தோற்கத் தரையையும் பார்க்கத் தொடங்கினான். ஒன்றரை ஆனதும் மனமில்லாமல் வண்டிக்காரனிடம் மாட்டைப் பூட்டச் சொன்னான்.

5

ஊர் முனையில் ஜெயத்தின் தாய்மாமன் சுப்பராயலு எதிரே வந்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, எங்க கெளம்பிட்டீங்க?"

"ராகு காலம் முடிஞ்சுது மாமா. ஒன்றரை ஆச்சு."

"யாரு கடியாரத்துல?"

"ரயில்வே கடியாரம். நிமிஷம் பெசகாது."

"சர்க்காரு மணியைத் தள்ளி வச்சான், சரி. ராகுவுக்கு ஆர்டர் அனுப்பிச்சானா? இப்பத்தான் நடு ராகு. அக்கா ஆரத்தித் தட்டோட நிக்குது. இப்ப வந்தீங்கன்னா தட்டு உங்க மேலதான் விழும். ஜல்தியாத் திருப்புங்க."

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: யுத்தத்தை முன்னிட்டு எல்லாக் கடியாரத்தையும் ஒரு மணி முன்னால் தள்ளிவைக்கச் சர்க்கார் உத்தரவு. ரயிலும் ஆபீசும் புது மணி; பஞ்சாங்கமும் பசியும் பழைய மணி. அவன் ஏரியில் நிறுத்தியபோது பழைய மணி பதினொன்றுதான். நிற்காமல் போயிருந்தால் நல்ல நேரத்திலேயே வீடு சேர்ந்திருப்பார்கள்.)

6

மறுபடி ஏரிக்கரை. இங்கே ஜெயம் கோபப்பட வேண்டும். "அவள் கண்கள் சிவந்து…" என்று எழுதிப் பார்த்தேன். சிவக்கவில்லை. சிரித்தாள்.

"இன்னா சிரிப்பு? உங்கம்மா என்னைப் பத்தி இன்னா நெனைப்பாங்க?"

"எனக்கு மொதல்லியே தெரியும்."

"இன்னா தெரியும்?"

"எறங்கினதும் பூவைக் குனிஞ்சு பாத்தேன். என் நிழலு மேற்கால கெடந்துச்சு. உச்சியே ஆவல, ராகு எங்கேந்து வரும்?"

"சொல்லித் தொலைக்கறதுதானே?"

"சொன்னா எழுந்து போவணும். நான் ஜெயிச்சுக்கினு இல்ல இருந்தேன்."

அப்பாதுரை அவளைப் பார்த்தான். அந்நேரம் ஒரு கூழைக்கடா தலைக்கு மேலே தாழப் பறந்து போயிற்று. அவன் நிமிரவில்லை.

(பசியோடு ஒரு புதுப்பெண் இப்படி இருப்பாளா என்று எனக்குச் சந்தேகம். என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "இருப்பா" என்றாள். மேலே கேட்க எனக்குத் தைரியமில்லை.)

7

நல்ல நேரத்தில் உள்ளே போனார்கள். இலை போட்டாயிற்று. கூடத்தில் அப்பாதுரை சாப்பிட, அடுப்பங்கரையில் குப்பம்மாள் குரல் கேட்கிறது:

"இன்னாடி, மணி பாக்கத் தெரியாத ஆளா இருக்கறாரு. பொண்ணை வெயில்ல காயப் போட்டுட்டாரு. பங்குனி முடியட்டும்னு சொல்லிடட்டா?"

ஒரு நகலில் ஜெயம், "நான் அவரோடயே போறேம்மா" என்கிறாள். இன்னொன்றில் இருந்துவிடுகிறாள், அவன் ஞாயிறுதோறும் சைக்கிளில் வந்து போகிறான். அதுவும் மோசமில்லை, ஏரி வற்றச் சித்திரையாகும். மூன்றாவதில், "அவரையும் பங்குனி வரைக்கும் நிறுத்திக்கயேன்" என்கிறாள், ரயில்வே சம்மதிக்காது.

எதைக் கிழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் கூடத்தில் அவன் கை இலையிலேயே நின்றுவிட்டது. பாயசம் ஓடி இலை விளிம்புக்கு வந்துவிட்டதைக்கூட அவன் பார்க்கவில்லை. காது முழுக்க அடுப்பங்கரையில் இருக்கிறது. ஜெயம் வாயைத் திறந்துவிட்டாள்.

வாசகரே, சீக்கிரம் ஏதாவது சொல்லுங்கள். மனுஷன் சாப்பிட வேண்டும்.