மூழ்கும் படகில் ஆறு பேர்

செவ்வாய் மாலை, விளையாட்டு உருவாக்கக் கற்றுத்தரும் வகுப்பில், ஆசிரியை சுன்னிவா சமையலறை மணி ஒன்றை மேசைமேல் வைத்து, முள்ளை இருபது நிமிடத்துக்குத் திருகினார். அது அடிப்பதற்குள் ஆளுக்கொரு விளையாட்டு தயாராக வேண்டும். அட்டைகளை அளவெடுத்து வெட்டுவதிலேயே எனக்கு எட்டு நிமிடம் போய்விட்டது. படகு மூழ்குகிறது, ஒவ்வொரு சுற்றிலும் ரகசியமாக ஓட்டுப் போட்டு ஒருவரைக் கடலில் தள்ள வேண்டும், தள்ளியவர்கள் ஒரு வரியில் காரணம் சொல்ல வேண்டும் என்பதுவரை வந்திருந்தேன். பயணிகளுக்குத்தான் பெயர் கிடைக்கவில்லை.

"பேருக்கெல்லாம் யோசிச்சுக்கிட்டு உக்காராத, எய்ரில். வாய்க்கு வந்தத எழுது. மூணு தடவ ஆடிப் பாக்குறவரைக்கும் எதையும் மாத்தாத" என்றார் சுன்னிவா.

வாய்க்கு வந்தது, மீன்பண்ணை வலைகளைத் தைக்கும் எங்கள் பட்டறையின் ஆறு பேர். என் பெயரையும் சேர்த்துத்தான் எழுதினேன். இதைக் குறித்துவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இதையும்: குளிர்காலத்துக்குள் ஒரு வேலை குறைக்கப்படும் என்ற தாள் பட்டறைச் சுவரில் ஒட்டப்பட்டது அதற்கு முந்தைய நாள். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. யோசிக்கக் கூடாது என்பதுதானே பாடம்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் சாப்பாட்டு வேளையில் ஆடினோம். ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வைத்து வரும் மெழுகுத்தாளைக் கிழித்து ஓட்டுச்சீட்டாக்கினோம். மூன்று நாளும் முதலில் கடலில் விழுந்தவர் தொர்லைஃப். எங்களில் மூத்தவர், அங்கே முப்பது வருடத்துக்கு மேல் இருப்பவர்.

"பெருசு ஒரு முடிச்சு போடுறதுக்குள்ள படகு ரெண்டு தடவ மூழ்கிடும்" என்றான் யோஸ்தைன். தொர்லைஃப்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கும் துணிச்சல் வந்தது.

"தள்ளிட்டோம்னு சொன்னாக்கூட அவருக்குக் கேக்காது" என்றேன். அவருக்குக் காது மந்தம்; முகத்துக்கு நேரே பேசினால்தான் கேட்கும்.

ஒவ்வொரு காரணத்தையும் தேதி போட்டு, சொன்னவர் பெயரோடு நோட்டில் எழுதினேன். சோதனை என்றால் பதிவு வேண்டும் அல்லவா? வெள்ளியன்று மேலாளர் ஹல்வார் காபிக் கோப்பையுடன் கதவருகே நின்று கடைசிவரை பார்த்தார். நல்ல விளையாட்டு, தன் பிள்ளைகளுக்குச் செய்து கொடுக்கலாம், நோட்டை இரவல் தர முடியுமா என்று கேட்டார். பெருமையாக இருந்தது. கொடுத்தேன்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில்தான் நினைவு வந்தது. சங்க ஒப்பந்தப்படி அதிக காலம் வேலை பார்த்தவரை முதலில் அனுப்ப முடியாது. அனுப்புவதானால், வேலையில் அவருக்கு என்ன குறை என்று எழுதிக் காட்ட வேண்டும். சனியும் ஞாயிறும், நான்தான் எதையாவது பெரிதாக்குகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இன்று காலை நோட்டு என் தையல் மேசையில் இருந்தது. விதிகள் எழுதிய பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. காரணங்கள் எழுதிய பக்கத்தில் இரண்டு வரிகளுக்குக் கீழே பென்சில் கோடு, அளவுகோல் வைத்து இழுத்தது. ஒன்று யோஸ்தைனின் வரி. மற்றது என்னுடையது.

சாப்பாட்டு மேசையில், விளையாட்டை மாற்ற வேண்டும், இன்று ஆட வேண்டாம் என்றேன்.

"எதுக்கும்மா மாத்தணும்? மூணு நாளா நான்தான் விழறேன். இன்னைக்கு ஒருத்தனையாவது இழுத்துக்கிட்டுதான் போவேன்" என்றார் தொர்லைஃப். தன் மெழுகுத்தாளை விரித்து, வலை அறுக்கும் கத்தியால் சீட்டுகளாக வெட்டத் தொடங்கினார்.

அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் அலுவலக அறைக் கதவு திறந்தது.

"தொர்லைஃப்" என்று கூப்பிட்டார் ஹல்வார்.

மேசையைச் சுற்றி ஐந்து பேருக்கும் கேட்டது. யோஸ்தைன் மெல்லுவதை நிறுத்தினான். ஒருவரும் தொர்லைஃபின் தோளைத் தொடவில்லை. அவர் ஐந்தாவது சீட்டை விளக்குக்கு நேரே பிடித்து, ஓரம் நேராக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.